நாலாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும்

ஒரு ஜீப்புக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்க அரை வருஷம் எடுத்துக்கொண்டவர் உலகத்திலேயே என் மச்சான் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பெட்ரோலைச் சொல்லவில்லை. எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயையும் சொல்லவில்லை. அவை இரண்டிலும் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. வண்டிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் இரும்புப் பெட்டிகளுக்கு ஊற்றும் கியர் எண்ணெய்தான் பிரச்சினை. கிள்ளானில் உதிரிப்பாகம் விற்கிற கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே பின்பக்கம் போய்விடும் அளவுக்கு அது முற்றியது.

எண்பதுகளில் நடந்தது இது. நான் அப்போது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போய், அக்கா வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். கல்யாணம் ஆகாதவனுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அக்காவின் மீன் குழம்புக்காகப் போனேன் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மணல், செங்கல், சிமெண்டு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு கிள்ளானை அடுத்த மேரு பக்கமாகவே போய் வருவார். லோரியில் கூடவே வந்து சாமான் ஏற்றி இறக்கிக் கொடுக்கிற ஆளை இங்கே கெலிண்டான் என்பார்கள். மச்சானின் கெலிண்டான் அவருடைய வயதுக்காரர். இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒன்றாகவே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவர்கள். எல்லாரும் அவரைக் கெலிண்டான் என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன். லோரியின் முன்பக்கத்தில் இடது பக்க சீட்டு அவருடையது. அதில் அக்காகூட உட்கார்ந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மச்சான் லோரியை வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பின் அச்சில் எண்ணெய் சொட்டுகிறது, கடைக்குப் போய் ஒரு டின் வாங்கி ஊற்றிவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றார்.

“சனிக்கிழமையில எண்ணெ வாங்கி வீட்டுக்குக் கொண்டுட்டு வராதீங்க. திங்கக்கிழமை வாங்கிக்கலாம்,” என்றாள் அக்கா.

சனிக்கிழமையில் எண்ணெயோ இரும்போ விலைக்கு வாங்கினால், சனீஸ்வரனையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் உட்காரவைத்த மாதிரி என்பது அக்காவின் சட்டம். அவளுடைய சட்டம் மட்டுமில்லை, எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதுதான் சட்டம். வெள்ளிக்கிழமையே சமையல் எண்ணெய் பாட்டிலைப் பார்க்காமல் விட்டுவிட்டால், சனிக்கிழமை எங்களுக்கு அவித்த சமையல்தான். பெட்ரோலுக்கு மட்டும் சலுகை உண்டு. “அது காத்தோட போயிடுது, வீட்டுல தங்கல,” என்று அக்கா என்றைக்கோ தீர்ப்புச் சொல்லியிருந்தாள். கியர் எண்ணெய் எந்தப் பக்கம் சேரும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டோம். உள்ளே இருப்பது எண்ணெய், டின் இரும்பு, ஆகவே இரட்டைக் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மச்சானும் சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன்பே லோடு ஏற்றியாயிற்று. மேருவில் இறக்கிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். வழியில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்ததாம். நிறுத்திப் பார்க்கலாமா என்று கெலிண்டான் கேட்டாராம். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மச்சான் சொன்னாராம். எண்ணெய் வற்றிப்போன பின் அச்சு சூடேறி, உள்ளே இருந்த சக்கரப் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. பின் சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகி நின்றன. லோரி சறுக்கிப்போய், சாலையோரக் கால்வாயில் இடது பக்கமாகச் சாய்ந்தது. மச்சானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கெலிண்டானின் இடது கால் கதவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. டாக்டர்கள் காலை வெட்டி எடுக்கவில்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் முட்டி அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

மச்சான் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனார். அதன் பிறகு மேரு பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. லோரி வேலையை விட்டுவிட்டு, ஒரு கிடங்கில் ஜாகாவாக உட்கார்ந்தார். கேட்டைத் திறந்து மூடுகிற காவல் வேலை. அக்கா தையல் மெஷினை எடுத்து முன் அறையில் போட்டுக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன்னால்தான் என்று மச்சான் ஒரு தடவையாவது கத்தியிருந்தால் அக்கா அழுது தீர்த்திருப்பாள். அவர் கத்தவில்லை. அவர் மறுபடியும் ஸ்டியரிங்கைத் தொடுவாரா மாட்டாரா என்கிற ஒரு கேள்வி மட்டும் சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில் எப்போதும் இருந்தது. ஆளே பாதியாகிவிட்டார். கேட்டைத் திறந்து மூடுவதற்காகப் பிறந்தவர் இல்லை அவர். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

இப்படியே ஒன்றரை வருஷம் போல ஓடியிருக்கும். திடீரென்று ஒரு நாள் மச்சான் லேலாங்கில், அதாவது ஏலத்தில், ஒரு பழைய ஜீப்பை எடுத்துவிட்டார். ஏதோ அரசாங்க இலாகா ஓட்டிக் கழித்த வண்டி. பச்சைப் பெயிண்டு, நீளமான உடம்பு, நாலு சக்கரத்துக்கும் பலம் போகும் வகை. வண்டியை ஏலக் கிடங்கிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தது அவர் இல்லை. பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த சீனப் போமன்தான் ஓட்டிவந்தார். வண்டியைக் காடி என்றும் அதைப் பழுது பார்க்கிறவரைப் போமன் என்றும் இங்கே சொல்வோம். மச்சான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். இருந்தாலும் ஜீப் வந்த அன்று அக்கா பாயசம் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கே ஆரம்பித்தது எண்ணெய்க் கதை.

அந்த மாதிரி ஜீப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். டிரான்ஸ்பர் என்பார்கள். எஞ்சின் பலத்தை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். பிறகு முன் அச்சிலும் பின் அச்சிலும் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு ஒவ்வொரு இரும்புக் குண்டு. அது டிஃபரன்ஷியல். வருகிற பலத்தைத் திருப்பி இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் அனுப்புவது. லோரியில் இறுகிப்போனதும் அந்தக் குண்டுதான். ஜீப் பட்டறைக்குப் போன முதல் நாளே மச்சான் எஞ்சினைப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்கு அடியில் படுத்து அந்தப் பூசணிக்காயைப் பார்த்தார்.

பழைய எண்ணெயை வடித்தார்கள். டிஃபரன்ஷியலில் இருந்து வந்தது அசல் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. மேலே நுரைகூட இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். டிரான்ஸ்பரில் இருந்து வந்தது கறுப்பு. ஆனால் வெயிலில் தட்டைச் சாய்த்தால் பொன்னிறத்தில் ஏதோ மின்னியது. தங்கம் கிடைத்துவிட்டதா என்று நான் கேட்டேன். மச்சான் சிரிக்கவில்லை.

“பித்தள மாப்ளே. உள்ள இருக்கிற பித்தள வளையத்த எண்ணெயே தின்னுருக்கு,” என்றார்.

எண்ணெய் எப்படி உலோகத்தைத் தின்னும் என்று எனக்குப் புரியவில்லை. போமனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறைப் பையனை அனுப்பி ஒரு பெரிய டின் வாங்கிவரச் செய்து, கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர், இரண்டு குண்டுகள் எல்லாவற்றிலும் ஊற்றி மூடிவிட்டார். கடையில் எல்லாரும் தொண்ணூறு என்றுதான் கேட்பார்கள். தொண்ணூறு என்றால் கியர் எண்ணெய். அதோடு பேச்சு முடிந்தது.

மச்சானுக்கு முடியவில்லை. டின்னைத் தூக்கி என் கையில் கொடுத்து, சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னார். தொண்ணூறு என்பது எண்ணெயின் கெட்டித்தன்மை மட்டும்தான். அதற்குக் கீழே ஜி.எல். என்று போட்டு இன்னொரு எண். சில டின்னில் நாலு, சில டின்னில் ஐந்து. இந்த டின்னில் ஐந்து. லோரிக் காலத்தில் மச்சான் ஒரு கியர்பாக்ஸ் வீணானதைப் பார்த்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான். டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அழுத்தும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் நசுங்கி விலகிவிடும். அதனால் ஐந்தாம் நம்பரில் கந்தகம் கலந்த மருந்து அதிகமாகச் சேர்க்கிறார்கள். அழுகிய முட்டை வாடை அதனால்தான். ஆனால் அந்த மருந்து பித்தளைக்கு ஆகாது. பித்தளை வளையங்கள் இருக்கும் பெட்டிக்கு மருந்து குறைவான நாலாம் நம்பர்தான் சரி.

“அண்ணே, நாலு அஞ்சு எல்லாம் ஸாமா லா,” என்றார் போமன். ஸாமா என்றால் ஒன்றுதான் என்று அர்த்தம். “அஞ்சு பெரிசு. பெரிசு நல்லது.”

“பெரிசுன்னா எல்லாத்துக்கும் நல்லதா? உன் சட்டைய எனக்குப் போட்டா ஆகுமா?” என்றார் மச்சான். போமன் நல்ல தொந்திக்காரர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கியர்பாக்ஸிலும் டிரான்ஸ்பரிலும் ஊற்றியதை வடித்துவிட்டார்.

பிறகு நாலாம் நம்பருக்கு வேட்டை. கிள்ளானில் கிடைத்ததெல்லாம் ஐந்துதான். நான் கோலாலம்பூரில் சௌக்கிட் பக்கம், செந்தூல் பக்கம் என்று வெயிலில் அலைந்து, எங்கேயோ பின்தட்டில் தூசி படிந்து கிடந்த இரண்டு டின்னைப் பிடித்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் வரை போனேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா முதலில் மூக்கைப் பொத்தினாள், பிறகு இடம் மாறிப் போனாள். மச்சான் டின்னை வாங்கிப் படித்துவிட்டு, இது எண்பது, தொண்ணூறு இல்லையே என்றார். எனக்கு அங்கேயே டின்னைச் சாக்கடையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. எண்பது என்றால் கொஞ்சம் நீர்த்தது, அவ்வளவுதான், குளிர் நாட்டுக்கு ஆகும், நம் வெயிலுக்குப் பத்தாது என்று நிதானமாக விளக்கம் வேறு சொன்னார். அந்த நிதானம்தான் என்னை இன்னும் எரித்தது.

சரியான நாலாம் நம்பர் கிடைத்து ஊற்றியபோது அடுத்த சந்தேகம் வந்தது. கியர்பாக்ஸில் எண்ணெய் குறைகிறது, டிரான்ஸ்பரில் கூடுகிறது. நடுவில் எண்ணெயை அடைத்து நிறுத்துகிற சீல் தேய்ந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. சீல் மாற்றினார்கள். பிறகு அச்சின் மேல் இருக்கும் மூச்சுக்குழாயில் சேறு அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். சூடான குண்டு தண்ணீரில் இறங்கினால் மூச்சு இழுக்கும், குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும், தே தாரிக் ஆனது அதனால்தான் என்றார். அதையும் மாற்றினார்கள். நியாயமான வேலைகள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் போமன் ஸ்டியரிங் பிடித்துத் தெருவைச் சுற்றுவார், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், இறங்கி வந்ததும் ஏதோ சத்தம் வருகிறது என்பார். எனக்கோ போமனுக்கோ எந்தச் சத்தமும் கேட்காது.

நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். “மச்சான், காடியில சத்தம் இல்ல. உங்க தலைக்குள்ளதான் சத்தம்.”

“இருக்கட்டும் மாப்ளே,” என்றார்.

அக்கா இதில் எதிலும் வாயைக் கொடுக்கவில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே நாலு, ஐந்து என்று சண்டை போடும்போது சோறு போட்டுக்கொண்டு நிற்பாள். கேட்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. மெஷின் சத்தம் மட்டும் நின்றிருக்கும்.

இந்த நிலைமையில்தான் ரவாங் வேலை வந்தது. என் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு குத்தகைக்காரர், ரவாங்குக்கு அப்பால் குன்றுகளில் நிலம் அளக்கும் ஆட்களை ஏற்றி இறக்க ஜீப்போடு டிரைவர் வேண்டும் என்றார். மழை பெய்தால் சாதாரணக் கார் அங்கே ஏறாது. நான் மச்சானைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை காலை வண்டியோடு வந்து நிற்கட்டும், பார்க்கிறேன், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார். இது நடந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின் டிஃபரன்ஷியலை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறேன் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பட்டறைக்குப் போனபோது பின் குண்டு திறந்து கிடந்தது. உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. ஒரு சீல் மட்டும் லேசாகக் கசிந்திருந்தது, போமன் புதுசு போட்டுவிட்டார். திரும்ப ஊற்ற எண்ணெய் வேண்டும். பட்டறையில் இருந்த ஐந்தாம் நம்பர் டின்னைத் தூக்கினால் அடியில் கலகலவென்று கொஞ்சம்தான். நாலாம் நம்பர் நிறைய இருந்தது, நான் அலைந்து வாங்கியது. அதை டிஃபரன்ஷியலில் ஊற்ற முடியாது. மலை ஏறுகிற வண்டிக்கு அது தாங்காது. இதைச் சொல்ல மச்சான் தேவையில்லை, அந்த அரை வருஷத்தில் எனக்கே மனப்பாடம்.

“கடைக்குப் போய் ஒரு டின் வாங்கிட்டு வாங்க மச்சான், மணி ரெண்டுதான் ஆகுது,” என்றேன்.

“இன்னைக்கு சனிக்கிழமை,” என்றார் மச்சான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். “நாளைக்குக் கடை இல்ல. திங்கக்கிழமை காலையில முடியாது. அவருகிட்ட நீயே சொல்லிடு, வேற ஆளப் பார்த்துக்கட்டும்.” சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அரை வருஷமாகத் தேடிய சாக்கு கையில் கிடைத்த நிம்மதி. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

பட்டறையில் நின்று கத்தினேன். நானே போய் வாங்கிவருகிறேன், என்னைச் சனி பிடித்தால் பிடிக்கட்டும், ஏற்கெனவே உங்களைப் பிடித்திருக்கிறதே அதைவிடவா என்று கேட்டேன். நீ வாங்கினாலும் ஊற்ற மாட்டேன் என்றார். அந்தப் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை தடித்துக்கொண்டே போனது. போமன் நடுவில் வந்து, அண்ணே, தம்பி, பகடோ வேண்டாம் லா, சண்டை வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் கோபத்தோடு அக்கா வீட்டுக்குப் போய், சமையலறை வாசலில் நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை சனிக்கிழமை. அதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். கோயிலுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமையாயிற்றே.

நான் திரும்பப் பட்டறைக்குப் போய், மச்சான் முகத்தைப் பார்க்காமல் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். போமன் கடையைச் சாத்தும் யோசனையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்போது அக்கா பட்டறைக்குள் வந்தாள். அதுவரை அவள் அந்தப் பட்டறையில் கால் வைத்ததே இல்லை. கூடை ஒரு பக்கமாக இழுத்ததால் சாய்ந்துகொண்டு நடந்துவந்தாள். கூடையைத் தரையில் வைத்து, அதற்குள் இருந்த டின்னை இரண்டு கையாலும் தூக்கி மச்சானுக்கு முன்னால் வைத்தாள். கந்தக வாடை அவள் மேலேயே அடித்தது.

“பின்னுக்கு ஊத்துறது அஞ்சு, தொண்ணூறு. சரிதானே? கடைக்காரன் எல்லாம் ஒண்ணுதான்னு எண்பதக் கொடுக்கப் பார்த்தான்,” என்றாள்.

மச்சான் டின்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “இன்னைக்கு...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும். நான்தான் வாங்கினேன். சனி பிடிச்சா என்னையப் பிடிக்கட்டும்.” டின்னை அவர் பக்கம் தள்ளினாள். அழவில்லை. “அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டீங்க. இன்னைக்கும் கேளுங்க. ஊத்திட்டு ஓட்டுங்க.”

போமனுக்கு அந்தத் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது, எடுத்து வைத்த புனலைத் திரும்ப எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது. மச்சான் குனிந்து டின்னைத் திறந்தார். போமனை விடவில்லை, அவரே அடியில் படுத்தார். பக்கவாட்டு ஓட்டை வழியாக எண்ணெய் வழிகிற வரைக்கும் ஊற்றி, வழிந்து நிற்கக் காத்திருந்து, திருகாணியை முடுக்கினார். அவ்வளவு நிதானமாக அவர் வேலை செய்ததை நான் பார்த்ததில்லை. அன்று எனக்கு அந்த நிதானம் எரிச்சல் தரவில்லை.

வெளியே வந்தவர் கையைக் கழுவிவிட்டு, போமன் நீட்டிய சாவியை வாங்கினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். அக்கா சுற்றிக்கொண்டு போய் முன் சீட்டில் அவர் பக்கத்தில் ஏறினாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். முதல் தடவை கிளட்சை விட்டதில் எஞ்சின் நின்றுபோனது. இரண்டாவது தடவை வண்டி நகர்ந்தது. அவருடைய பின்கழுத்து வேர்த்து, சட்டைக் காலர் நனைந்திருந்தது.

தெருவைச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பெரிய சாலைக்கு வந்து மேரு பக்கம் வண்டியைத் திருப்பினார். அக்கா முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கால்வாய் ஓரத்தில் லோரி சாய்ந்த இடம் வந்தது. அங்கே அடையாளம் ஒன்றும் இல்லை, புல்தான் வளர்ந்திருந்தது. மச்சான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அக்கா கால்வாயைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேரு தாண்டி ஒரு மண் சாலையில் இறங்கி, பலகை வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். கெலிண்டான் ஊன்றுகோலோடு வெளியே வந்தார். கால் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது அன்றுதான். அவர் கண்ணைச் சுருக்கி ஜீப்பைப் பார்த்தார், பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் யார் என்று பார்த்தார்.

“காடி யாருது?”

“என்னுதுதான்.”

 கெலிண்டான் காலை இழுத்துக்கொண்டே வண்டியைச் சுற்றிவந்தார். பின்னால் வந்ததும் ஊன்றுகோலை ஜீப்பில் சாத்திவிட்டு, ஒரு கையால் பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். கையை உள்ளே விட்டுப் பின் குண்டின் அடியைத் தடவினார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“சொட்டலடா,” என்றார்.

மச்சான் அதற்குள் இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்றிருந்தார். “திங்கக்கிழமை ரவாங்ல வேலைக்குப் போகணும். தனியாப் போக எனக்குப் பயமா இருக்குடா.”

“நான் வந்து என்னாத்தப் பண்றது? ஏத்தி இறக்கவா முடியும்? காலே மடங்காது. இதுல எப்படி உக்கார்றது லா?”

“முன்னுக்கு உக்காந்தா நீட்டிக்கலாம் அண்ணே,” என்றாள் அக்கா.

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினாள். இடது பக்க சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் என் பக்கத்தில் வந்து ஏறி உட்கார்ந்தாள்.